திவான் சேஷாத்ரி ஐயர்

பெங்களூரு கப்பன் பூங்காவில் மாநில மைய நூலகம் செந்நிறக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. அதன் முன்னே தலைப்பாகை அணிந்த ஒருவரின் சிலை நிற்கிறது. அவரே சேஷாத்ரி ஐயர். நகரின் சேஷாத்ரிபுரம் என்னும் பகுதியும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அவர் 1845ஆம் ஆண்டு பாலக்காட்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1868இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1883இல் திவானாகப் பொறுப்பேற்றார். திவான் என்பவர் மன்னரின் சார்பில் ஆட்சியை நடத்தும் முதன்மை அமைச்சர். மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்னரே அமர்த்துவார்.

அக்காலத்தில் உயர்பதவிகள் பல சென்னை மாகாணத்தாருக்கே செல்கின்றன என்று மைசூர் மக்கள் குறைகூறினர். படித்த உள்ளூர் இளைஞர்கள் வாய்ப்பிழந்து நின்றதால் அக்குறையில் நியாயமும் இருந்தது. ஆட்சி பற்றிய குறைகளை எடுத்துரைக்க ஓர் அவையும் இருந்தது. முந்தைய திவான் ரங்காச்சார்லுவின் காலத்தில், 1881இல் தொடங்கிய மக்கள் பிரதிநிதிகள் சபையே அது. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், 1891இல் அச்சபைக்குத் தேர்தல் முறை வந்தது. வாக்குரிமை சிலருக்கே இருந்தது. எனினும் அது பெரிய மாற்றமாகும்.

பெங்களூருக்குக் குடிநீர் தர, அர்க்காவதி ஆற்றின் எசருகட்டா ஏரியிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரும் திட்டத்தை அவர் நிறைவேற்றினார். 1898இல் பிளேக் நோய் பரவி, நெருக்கடியான தெருக்களில் பலரைப் பலிகொண்டது. அதையொட்டி, அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் கொண்ட பசவனகுடி, மல்லேசுவரம் என்னும் குடியிருப்புகள் உருவாயின.

அவர் முன்னெடுத்த பெரும்பணி சிவனசமுத்திர மின்திட்டம். காவிரி அருவியின் ஆற்றலால் மின்சாரம் உண்டாக்கி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்புவதே அதன் நோக்கம். அவ்வளவு நீண்ட மின்வழி அந்நாளில் உலகிலேயே அரிது.

பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்தவர், உடல்நலம் குன்றி 1901இல் பதவி விலகினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். 1902இல் மின்சாரம் கோலாரை அடைந்தது. 1905இல் பெங்களூரு வீதிகளில் மின்விளக்குகள் எரிந்தன. அவ்வொளியைக் காண அவர் இல்லை.

அயலூரிலிருந்து வந்தவர் என்று ஒருகாலத்தில் குறைகூறப்பட்டவரின் பெயர், இன்று இந்நகரத்து ஊர்ப்பெயராக நாள்தோறும் மக்கள் நாவில் வழங்குகிறது.