நீரின் கரைக்கும் பண்பும் மெத்தனால் நஞ்சும்: கருணாபுரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: கரைதிறன், அயனிச் சேர்மம், ஹைட்ரஜன் பிணைப்பு, மெத்தனால், ஃபார்மேட் அயனி.

முன்னுரை

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நஞ்சு புலப்படாமல் கலந்ததற்கும் உடலெங்கும் பரவியதற்கும் நீரின் கரைக்கும் பண்பே அடிப்படை. அதனை அயனிச் சேர்மங்களின் கரைதிறனோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கரையும் முறைகள்

சோடியம் குளோரைடு கரையும்போது நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனை சோடியம் அயனியையும் ஹைட்ரஜன் முனைகள் குளோரைடு அயனியையும் சூழ்கின்றன. படிகக்கூட்டைப் பிரிக்கத் தேவையான ஆற்றலை நீரேற்ற ஆற்றல் பெரும்பாலும் ஈடுசெய்கிறது. எஞ்சியதை என்ட்ரோபி உயர்வு ஈடுகட்டுகிறது. எனினும் இதற்கு எல்லையுண்டு. 25° செல்சியசில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பே கரையும். மிகுதி அடியில் தங்கும்.

மெத்தனாலில் அயனிகள் இல்லை. அதன் ஹைட்ராக்சில் தொகுதி நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துவதால் அது எவ்விகிதத்திலும் நீருடன் கலக்கிறது. கலங்கலோ வீழ்படிவோ தோன்றுவதில்லை. நிறமற்ற எத்தனால் கரைசலிலிருந்து அதனைக் கண்ணால் வேறுபடுத்த இயலாது.

உடலில் நிகழும் மாற்றம்

கல்லீரலில் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. குருதியின் பி.எச். 7.4 ஆதலால் அவ்வமிலத்தில் 99.9 விழுக்காட்டிற்கு மேல் ஃபார்மேட் அயனியாகவே உள்ளது. இங்கு உப்புகளின் கரைதிறன் முதன்மை பெறுகிறது. எத்திலீன் கிளைக்கால் நஞ்சில் உருவாகும் கால்சியம் ஆக்சலேட் நீரில் மிக அரிதாகவே கரைவதால் சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. ஃபார்மேட்டின் சோடியம், கால்சியம் உப்புகளோ நன்கு கரைபவை. ஆகவே அது படியாமல் உடல்நீரெங்கும் பரவி, செல்களின் ஆக்சிஜன் பயன்பாட்டைத் தடுக்கிறது. பார்வை நரம்பு பெரிதும் பாதிக்கப்படுகிறது.

மருத்துவத்தின் அடிப்படை

அதே கரைதிறன் மீட்புக்கும் வழியாகிறது. மெத்தனாலும் ஃபார்மேட்டும் நீரில் கரையும் சிறு துகள்களாதலால் டயாலிசிஸ் வழியே குருதியிலிருந்து வெளியேற்றப்படுகின்றன. சோடியம் பைகார்பனேட் தரும் பைகார்பனேட் அயனி அமிலத்தை நடுநிலையாக்குகிறது. ஃபோமெபிசோல் அல்லது மருத்துவக் கண்காணிப்பில் அளிக்கப்படும் எத்தனால், மெத்தனாலை மாற்றும் நொதியின் செயலைத் தடுத்துப் புதிய அமிலம் உருவாவதைக் குறைக்கிறது.

முடிவுரை

கரைசலின் தெளிவு அதன் பாதுகாப்பிற்குச் சான்றாகாது. ஃபார்மேட் சேர்வதற்குக் காலம் பிடிப்பதால் கடும் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணிநேரம் கழித்தே தோன்றுகின்றன. அவ்விடைவெளியே சிகிச்சைக்கு உகந்த காலம். கரைதிறனைக் கற்பிக்கும் வகுப்பறையில் உப்புகளின் அட்டவணையோடு இவ்வுண்மையும் இடம்பெறுதல் வேண்டும்.