மூடுவதற்கு முன் பாருங்கள்

சொந்தமாய் ஒரு வீடு – 11

சென்ற வாரம் வரைபட அனுமதியோடு நிறுத்தினோம். அனுமதி கைக்கு வந்ததும் பலர் அந்தப் படத்தை ஒரு நகல் எடுத்து மேஸ்திரியிடம் நீட்டி, "நல்ல நாள் பார்த்து ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது என்ன? தெருப்பக்கம் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள், பக்கவாட்டில் எவ்வளவு, எத்தனை தளம், மொத்தப் பரப்பு எவ்வளவு. அரசாங்கத்துக்கு வேண்டியவை அவை. சிறு வீட்டின் அனுமதிப் படத்தை எத்தனை முறை புரட்டினாலும், பில்லருக்குள் எத்தனை கம்பி, ரிங் எவ்வளவு நெருக்கம், மண் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு ஒரு வரி கிடைக்காது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் என்று தனியாக ஒன்று உண்டு. அதைப் போட்டுத் தருகிறவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். அவருடைய கட்டணத்தைக் கேட்டுவிட்டு, வாசலுக்குப் போடப்போகும் தேக்குக் கதவின் விலையையும் ஒருமுறை கேளுங்கள்.

"டிராயிங் எதுக்கு சார்? எத்தனை வீடு கட்டியிருக்கேன். பில்லருக்கு நாலு பன்னெண்டு எம்எம், ஆறு இன்ச்சுக்கு ஒரு ரிங். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல" என்பார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு அவற்றின் ஆயுளில் பெரிய சோதனை எதுவும் வருவதே இல்லை. சோதனை வரும் நாளில் மேஸ்திரி வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்.

வீட்டின் பலத்தைத் தீர்மானிக்கும் காரியங்கள் எல்லாமே மண்ணுக்கு அடியிலோ கான்கிரீட்டுக்கு உள்ளேயோ போய்விடுகின்றன. வேலை நடக்கும் மாதக் கணக்கில் அவை கண்ணில் படுவது சில நாட்கள்தான்: வானம் தோண்டிக் கிடக்கும் நாள், பில்லர் கம்பி நிறுத்தியிருக்கும் நாள், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து மறுநாள் காலை கலவை வருவதற்கு முந்தைய மாலை. அந்த நாட்களில் வீட்டுக்காரர் ஊரில் இருப்பதில்லை. டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் நாளில் குடும்பத்தோடு ஆஜராகிவிடுகிறார்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல், மழையில் உப்பும்; கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நான்கடி தோண்டிக் கருங்கல் கட்டிய அஸ்திவாரம் அந்த மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் அதன் கணக்குதான். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த சித்திரையில் அதே இடத்தில் வந்து நிற்கும். மண்ணின் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அடங்கிவிடுகிறது. ஆகவே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென ஒரு முறையைப் பரப்பியது. அந்த ஆழம் வரை துளையிட்டு, அடியில் மட்டும் துளையை அகலப்படுத்திக் குமிழ் போலக் குடைந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல 2.5 மடங்கு. மேல்மண் உப்பினாலும் குமிழ் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரிசல்காட்டில் மனை வாங்கியவர் பைல் செலவுக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

சென்னைப் புறநகரின் சிக்கல் வேறு. வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரத்தில் சதுப்பையும் நீர்ப்பிடிப்பையும் மேடாக்கிய மனைகள் ஏராளம். மேலே தெரிவது லாரியில் வந்து கொட்டிய மண், இடித்த கட்டடத்தின் கழிவு. அதற்கும் கீழே களி. கொட்டிய மண் எத்தனை வருடம் கிடந்தாலும் அதன்மேல் அஸ்திவாரம் உட்காரக் கூடாது. அதைத் தாண்டி இயற்கைத் தரை வரை போக வேண்டும். எவ்வளவு ஆழத்தில் அது இருக்கிறது என்பதை மண் பரிசோதனை சொல்லும். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மண் மெத்து என்று பொருள். "பக்கத்து மனையில் நாலரை அடியில் கெட்டித் தரை வந்தது, நமக்கும் அதேதான்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். பழைய குட்டையின் கரை இரண்டு மனைகளுக்கும் நடுவே ஓடியிருக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பகுதிகளில் பேஸ்மட்டம் உயர ஆரம்பித்தது. இரண்டடி போதும் என்றிருந்தவர்கள் ஐந்தடி, ஆறடி தூக்குகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பேஸ்மட்டம் ஏறும்போது அதற்குள் அடைக்கும் மண்ணின் எடையும் ஏறுகிறது. அந்த மண் பக்கச் சுவரை வெளியே தள்ளுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்தத் தள்ளலுக்காகக் கட்டப்பட்டதன்று. பூட்டிங்குக்கும் பிளிந்த் பீமுக்கும் நடுவில் பில்லர் கூடுதல் உயரத்துக்குத் தனியாக நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளே கொட்டும் கிராவலை ஒரே மூச்சில் நிரப்பித் தண்ணீர் விட்டுவிட்டால் போதாது. அரையடி அரையடியாகப் பரப்பி, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குடிபோன பிறகு ஹால் டைல்ஸ் உள்வாங்கும்.

அடுத்தது பில்லர். நம் ஊரில் பில்லரின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பீரோ. ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறைந்துவிட வேண்டும், அறைக்குள் துருத்தக் கூடாது. ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது. சென்னை, நிலநடுக்க வரைபடத்தில் 2002 திருத்தத்தின்போது இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்ட ஊர். மூன்றாம் மண்டலத்துக்கும் பொருந்தும் ஐஎஸ் 13920 என்ற நெறிமுறை, 2016 பதிப்பில், பில்லரின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது பன்னிரண்டு அங்குலம். மூன்று அங்குலம் துருத்தினால் துருத்தட்டும்.

அளவைவிட எனக்குக் கவலை ரிங்தான். பில்லரின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரு முனைகளும் உள்நோக்கி, 135 பாகைக்கு, கான்கிரீட்டின் வயிற்றுக்குள் போகும்படி வளைக்கப்பட வேண்டும். கம்பி கட்டுபவருக்கு அது கூடுதல் வேலை. 90 பாகையில் மடித்து விட்டுவிடுவார். சாதாரண நாளில் வித்தியாசம் தெரியாது. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது வெளிக்கான்கிரீட் உதிரும், 90 பாகை ரிங் வாய் பிளக்கும், நெடுங்கம்பி வளைந்து பிதுங்கும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தைச் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்தத் திறந்து விட்டவை அவற்றில் பல. மேலே சுவர்களோடு விறைப்பான பெட்டி, கீழே வெறும் கால்கள். இன்று அரை கிரவுண்டு மனையில் கீழே கார், மேலே இரண்டு தளம் என்று கட்டுகிற ஒவ்வொருவரும் அதே வடிவத்தைத்தான் கட்டுகிறார்கள். கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தக் கீழ்த்தளப் பில்லர்களை அதற்கென்று கணக்கிட்டு வடிவமைக்க வேண்டும். பீமும் பில்லரும் சேரும் முட்டில் ரிங் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கை நுழையாத இடம் என்பதால் அங்கேதான் ரிங்கை விட்டுவிடுகிறார்கள்.

நிலநடுக்கம் வேண்டியதில்லை. 2014 ஜூன் 28 மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். நம்முடையது தரைத்தளமும் ஒரு மாடியும்தானே என்று சமாதானம் கொள்ளலாம். பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் அந்தக் கான்கிரீட் மட்டுமே ஏறத்தாழ 3 டன். அதன்கீழ்தான் கட்டில் போடுகிறோம்.

கம்பியை அதிகமாகப் போட்டால் அதிக பலம் என்ற நம்பிக்கையும் உண்டு; சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியே தீர்வார். கம்பி நெருங்கி நெருங்கி நின்றால் ஜல்லி உள்ளே இறங்காது. சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும்போது அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியும். எவ்வளவு கம்பி என்பதைப் போலவே எங்கே கம்பி என்பதும் முக்கியம். போர்டிகோ, பால்கனி, சன்ஷேட் போல ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவற்றில் இழுவிசை மேற்பரப்பில் வரும். ஆகவே முக்கியக் கம்பி மேலே. கம்பி கட்டும்போது சரியாகத்தான் கட்டுவார்கள். கலவை போடும் நாளில் பாண்டுச் சட்டியோடு ஆட்கள் அதன்மேல் நடக்க, கம்பி மிதிபட்டு அடிக்கு இறங்கிவிடும். மேலே கான்கிரீட் பூசி மூடியதும் யாருக்கும் தெரியாது. நாலரை அங்குல பால்கனித் தளத்தில் கம்பி இரண்டு அங்குலம் இறங்கினால் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். மேல் கம்பிக்கு முட்டுக்கம்பி கொடுத்திருக்கிறார்களா, நடப்பதற்குப் பலகை போட்டிருக்கிறார்களா என்று அன்று காலையில் பாருங்கள். அடிக் கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வேண்டும், உடைந்த ஜல்லித் துண்டு கூடாது. உட்புறத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, பூட்டிங்குக்கு 50. கடற்காற்று நேரடியாகப் படும் இடங்களில் தளத்துக்கும் 45 வரை போக வேண்டும். திருவொற்றியூரிலும் நாகப்பட்டினத்திலும் பழைய வீடுகளின் கூரையில் காரை பெயர்ந்து துருக்கம்பி பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சிமென்ட் எந்தக் கம்பெனி என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். பெயர் பெற்ற எதுவும் போதும், மூட்டை புதிதாக இருந்தால் சரி. கலவையைக் கெடுப்பது தண்ணீர். ஒரு மூட்டைக்கு 27 லிட்டருக்குள் நிற்க வேண்டும், ஈர மணலில் உள்ள தண்ணீரும் இதில் சேர்த்தி. கலவை இறுகலாக இருந்தால் பரப்பச் சிரமம். "கொஞ்சம் தண்ணி காட்டு" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலை நிறுத்த ஒரு வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்தால் போதும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பரிசோதித்த பிறகே கலவைக்கு: கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு மேல்வரம்பு. தளம் போடும் நாளில் 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து 28-ஆம் நாள் பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் உடைத்துப் பார்க்கலாம். இந்தச் சோதனை நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதே கலவையைப் பாதி திருத்திவிடும்.

பிறகு பொறுமை. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதைத் தளத்துக்கு ஒழுங்காகச் செய்கிறோம், பில்லரை மறந்துவிடுகிறோம். சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் சிமென்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி வகை. நம் வெயிலில் அதற்கு 14 நாள் ஈரம் வேண்டும். முட்டு பிரிப்பதற்கு நெறிமுறை தரும் கெடு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14, ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14, அதற்கு மேல் 21. இவை சாதாரண சிமென்டுக்குச் சொன்னவை. பிபிசிக்கு இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டில் பலகை தேவை என்பது உங்கள் பிரச்சினையன்று. பால்கனி முட்டை மட்டும் வெளிமுனையிலிருந்து உள்நோக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள்.

வாஸ்துவைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே கடிதங்கள் வந்துவிட்டன. மீண்டும் சண்டைக்கு வரவில்லை. ஒன்று மட்டும். கன்னி மூலையில் தண்ணீர்த் தொட்டி வைப்பதென்றால் டிராயிங் போடும்போதே சொல்லிவிடுங்கள். 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 5 டன். அது பில்லர்களின் தலையில் இறங்க வேண்டும், தளத்தின் நடுவயிற்றில் உட்காரக் கூடாது. அதேபோல, பாதி வேலையில் மாடியறைச் சுவரை மூன்றடி தள்ளச் சொன்னால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.4 டன் எடையோடு, கீழே பீம் இல்லாத இடத்தில் போய் நிற்கும். தள்ளுவதாக இருந்தால் இன்ஜினீயரைக் கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். பிளம்பர் குழாய் விட பீமைக் குடைந்தாலும் இதே விதி.

கடைசியாக, மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். பையனுக்குக் கல்யாணமானால் மேலே கட்டிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்தவை. எத்தனை மாடி வருமென்று அஸ்திவாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால்தான் அந்தக் கம்பிகளுக்குப் பொருள் உண்டு. ஒரு மாடிக்குக் கணக்கிட்ட பூட்டிங், கம்பி நீட்டியிருப்பதால் மட்டும் மூன்று மாடி தாங்கிவிடாது. நீட்டிய நீளம், இணைப்புக்கு வேண்டிய அளவு, அதாவது கம்பி விட்டத்தைப் போல ஏறத்தாழ 50 மடங்கு, இருக்கிறதா என்று பாருங்கள். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80 சென்டிமீட்டர். பிறகு சிமென்ட் பால் அடித்து, மெலிந்த கலவையால் மூடி வையுங்கள். பத்து வருடம் மழையில் நின்ற கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சம் என்ன விட்டம் என்று அளந்த பிறகே மேல்தளத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

செங்கல்லா, சாம்பல் கல்லா, ஏஏசி பிளாக்கா என்பது அடுத்த வாரம்.