தட்டில் தானியம் போட்டால் வராத பறவைகள்

தொழிற்சாலை நிலத்துப் பறவைகள் – 6

சென்ற வாரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றோம். ஏரிவரை போக நேரமில்லாதவர்களுக்காக இந்த வாரம் வீட்டு வாசலிலேயே நின்றுகொள்வோம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. இந்த இடைவெளியிலும் அதன் பிறகும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை இருந்த மேய்ச்சல் வெளியும் புதர்க்காடும் ஏரிகளுக்கு நீர் வந்த வழிகளும் சிப்காட்டாகவும் லேஅவுட்டாகவும் மாறின. ஆட்காட்டிக்கும் கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் திறந்த தரை வேண்டும். எந்த வீட்டுத் தோட்டமும் அவற்றுக்கு அந்த நிலத்தைத் திருப்பித் தர முடியாது. புதரிலும் மரத்திலும் வாழும் பறவைகளின் கதை வேறு. தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, செம்போத்து, குக்குறுவான், குண்டுகரிச்சான் போன்றவை இரண்டு சென்ட் இடம் கிடைத்தாலும் வரும், அந்த இடத்தில் அவற்றுக்கு வேண்டியது இருந்தால்.

பறவை வர வேண்டும் என்றதும் பெரும்பாலோர் செய்வது மொட்டைமாடியில் தட்டு வைத்து அரிசியோ கம்போ போடுவது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அந்தத் தட்டுக்கு வருபவை மாடப்புறாவும் காக்கையும் மைனாவும். இவை நம் உதவி இல்லாமலே ஊரெங்கும் பெருகுபவை. கழுவாத தட்டில் எச்சமும் ஈரத் தானியமும் கலந்து கிடந்தால் நோயும் பரவும். பிரிட்டனில் 2005இல் சிறுபறவைகளிடையே ஓர் ஒட்டுண்ணி நோய் தோன்றியது. தீவனத் தட்டுகளில் கூட்டமாகத் தின்ற பச்சை ஃபிஞ்ச் பறவைகள் அதற்குப் பெருவாரியாகப் பலியாயின. தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், கொஞ்சமாக வையுங்கள்.

தேன்சிட்டு அரிசி தின்னாது. தேனை உறிஞ்சும் அந்தப் பறவையும் குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியையும் பூச்சியையும்தான். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சு பொரித்த முதல் நாட்களில் புழுவைத்தான் தேடி அலைகிறது. பூச்சி இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகர வீட்டுத் தோட்டங்களில் சிக்கடி என்ற சிறுபறவையை ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இதைக் கணக்காகவே சொல்கிறது: தோட்டத்துப் பசுமையில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் அந்த மண்ணின் செடிகள் இருந்தால்தான் அந்தப் பறவையின் எண்ணிக்கை சரியாமல் நிற்கிறது. அந்நியச் செடிகளில் உள்ளூர்ப் புழுக்கள் வளர்வதில்லை என்பதே காரணம். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950இலிருந்து 1996இல் மறையும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் விடாமல் எதிர்த்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை நம் லேஅவுட்டுகளைப் பார்த்தாலே உணரலாம். காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கோனோகார்ப்பஸ் வரிசை, நடுவில் கொரியன் புல், மூலையில் இரண்டு அலங்காரப் பனை. எல்லாம் பச்சைதான், ஆனால் அதில் ஒரு புழு கிடையாது. கோனோகார்ப்பஸை குஜராத் அரசு 2023இலேயே தடை செய்துவிட்டது.

சரி, எதை நடுவது? இடம் இருந்தால் ஒரு வேம்பு. அது பழுக்கும்போது குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் தாமாக வந்துவிடும். அத்தி நட்டால் குக்குறுவானை உச்சிவெயிலிலும் கேட்கலாம். வேலியில் கோவைக்கொடியைப் படரவிடுங்கள், பழத்தைப் பறிக்காமல் விடுங்கள். கறிவேப்பிலைச் செடியைக் கழித்துக்கொண்டே இருக்காமல் ஒரு கிளையையாவது பூத்துக் காய்க்க விட்டால், இலையில் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் நுனியில் கறுத்த பழமும் சேர்ந்து கிடைக்கும். மாடி வீட்டில் தொட்டிதான் வைக்க முடியும் என்றால் செம்பருத்தியும் இட்லிப்பூவும் போதும், தேன்சிட்டு இரண்டாம் மாடிக்கும் ஏறி வரும்.

முருங்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பூவுக்குத் தேன்சிட்டு வரும். கம்பளிப்பூச்சி அடித்தண்டில் மொய்க்கும்போது நாம் தீப்பந்தம் எடுக்கிறோம். நம் கை பட்டால் அரிக்கும் அந்த மயிர்ப்புழுவைச் செம்போத்தும் சுடலைக்குயிலும் விழுங்கிவிடும். குழந்தைகள் நடமாடும் பக்கம் என்றால் புழுவை அகற்றித்தான் ஆக வேண்டும். பின்கட்டு மரமாக இருந்தால் சில நாள் பொறுத்துப் பாருங்கள். பூச்சிமருந்தை மட்டும் தொடவே தொடாதீர்கள், மருந்து தின்ற புழு குஞ்சின் வாய்க்குத்தான் போகும்.

தண்ணீர் வைப்பது எளிது. அகன்ற மண்சட்டி, ஓரங்குல ஆழம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாத இடத்தில் வைத்துத் தினமும் தண்ணீரை மாற்றினால் கொசுவும் வராது. சித்திரை, வைகாசியில் தானியத்தைவிட இதற்குத்தான் கூட்டம்.

நான் மிகவும் மன்றாடிக் கேட்பது சருகுக்காக. காலையில் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவது இங்கே எல்லாத் தெருவிலும் நடக்கிறது. ஐப்பசி வாக்கில் இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் ஆறுமணிக்குருவி, சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்று வாழும் பறவை. அது இரவில் பயணம் செய்யும். விளக்கு வெளிச்சத்தில் திகைத்துக் கண்ணாடிச் சுவரில் மோதும் பறவைகளில் அதுவும் ஒன்று. இரவு முழுக்க விளக்கெரியும் இந்தத் தொழிற்சாலை வெளியைக் கடக்கும் பறவைக்குக் களைத்து இறங்க ஓர் இடம் வேண்டும். மதில் ஓரம் நான்கடி அகலத்துக்குச் சருகைக் கிடக்க விடுங்கள். ஆறுமணிக்குருவி வந்திறங்கும் மாதங்களில் மொட்டைமாடி ஃபோகஸ் லைட்டைப் பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள். மோதி விழுந்த பறவை கிடைத்தால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கூடு பற்றிப் பயப்பட வேண்டாம். தையல்சிட்டு அகன்ற இலையைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக்கொள்ளும். தேன்சிட்டு எலுமிச்சைக் கிளையிலோ துணி காயப்போடும் கம்பியிலோகூடத் தொங்கும் கூட்டைக் கட்டிவிடும். ஒட்டடை அடிக்கும்போது தோட்டப் பக்கத்துச் சிலந்தி வலைகளை விட்டுவைத்தால் இரண்டுக்கும் கட்டுமானப் பொருள் கிடைக்கும். ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் வந்ததால் இடமிழந்த சிட்டுக்குருவிக்குப் பெட்டி உதவும். கூடு கட்டிய பிறகு குஞ்சு பறக்கும்வரை பொறுப்பதுதான் நம் வேலை. 2020இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டதற்காக ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நாம் ஒரு கொடிக் கம்பியைச் சில வாரம் விட்டுக்கொடுக்கலாம்.

பார்ப்பதற்கு நேரம் எங்கே என்பவர்களில் இரவு ஷிஃப்ட் தோழர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஊர் எழும் முன், பறவைகள் மிகுதியாகப் பாடும் வேளையில் அவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். படுக்கும் முன் கால் மணி நேரம் மாடியில் நின்றால் போதும், தொலைநோக்கி தேவையில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கிருந்து வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு இபேர்ட் தளத்தில் ஏற்றலாம். காக்கை மட்டும் வந்தாலும் அதையும் எழுத வேண்டும். வரும் பொங்கலுக்கு ஒரகடம், வல்லம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் மாடிகளிலிருந்தும் பட்டியல் போகட்டும். உங்கள் தெருவின் பெயரையும் தோட்டத்தில் நிற்கும் மரங்களையும் அதில் குறித்து வையுங்கள்.