தேநீர்க்கடை நாவல்களுக்கு ஒரு பதிப்பகம்

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் நம்மட சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' (1885) என்று மேடைக்கு மேடை பெருமைப்படுகிறோம். அது ஆள்கடத்தலும் வீரதீரமும் நிறைந்த சாகசக் கதை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதே சாகசம் மலிவுத் தாளில், பளபளக்கும் அட்டையோடு வந்தால், பொத்துவிலில் எங்கட ஆசிரியர் அறையிலும் அதற்குப் பெயர் 'குப்பை'தான்.

அந்தக் 'குப்பை'யை மதித்தது சென்னையின் 'பிளாஃப்ட்' பதிப்பகம். ராகேஷ் கன்னா, காவேரி லால்சந்த், ரஷ்மி ரூத் தேவதாசன் ஆகிய மூவரும் தொடங்கிய சிறிய நிறுவனம். கலிபோர்னியாவில் வளர்ந்த கன்னாவை இழுத்தது தேநீர்க்கடைகளில் விற்ற நாவல்களின் அட்டைப்படங்கள். உள்ளே என்னதான் இருக்கு என்று அறியும் ஆசை. பிரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்க்க, 2008இல் 10 எழுத்தாளர்களின் 17 கதைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாயின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் எல்லோரும் அதில் உண்டு. துப்பறிவாளரும் பழிவாங்கும் அம்மனும் கொலைகார ரோபோவும் ஒரே மட்டைக்குள்! வாசித்ததும் கைமாறி, கடைசியில் கடலைச் சுருளாகிவிடும் எழுத்துக்கு அப்படி ஓர் ஆயுள் கிடைத்தது.

2011இல் வந்தவை நமக்கு இன்னும் நெருக்கமானவை: இப்னு ஸஃபியின் நான்கு நாவல்கள். 1952இல் அலகாபாத்தில் 'ஜாசூஸி துன்யா' வரிசையைத் தொடங்கி, அதே ஆண்டு கராச்சிக்குக் குடிபெயர்ந்தவர் அவர். துப்பறிதலோடு விசித்திர விஞ்ஞானத்தையும் கலந்து எழுதினார். எல்லைக்கு இரண்டு பக்கமும் வாசகர்கள். மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? மீர் தகீ மீரின் கவிதைகளுக்குப் பேருரை எழுதிய ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. நம்மட பேராசிரியர்களில் யாராவது ஒரு மர்ம நாவலுக்கு இப்படி நேரம் கொடுப்பார்களா?

2024இல் சாதி எதிர்ப்பு விஞ்ஞானப் புனைகதைகளைத் தொகுத்து வெளியிட்டது அதே பதிப்பகம். ராக்கெட் விடுவதற்கு மட்டுமா விஞ்ஞானக் கதை?

ஒரு குறையும் சொல்லத்தான் வேணும். அந்தத் தமிழ்க் கதைகளை இவர்கள் காப்பாற்றியது ஆங்கிலத்தில். தமிழ் மூலங்களைத் தேடிச் சேர்ப்பது நம்மட வேலை. 2004 சுனாமியில் எங்கட கரையோர வீடுகளின் அலுமாரிகளோடு எவ்வளவு புத்தகம் போச்சு என்று கணக்கே இல்லை. மிஞ்சியதற்காவது ஒரு பட்டியல் வேணும். வீட்டில் கிடக்கும் பழைய மர்ம, சாகச நாவல்களின் பெயர், ஆண்டு, அச்சகம் மூன்றையும் எழுதிவரச் சொல்லி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொப்பி கொடுத்திருக்கிறேன்.