பைப்பில் நிற்கும் பச்சைத் தண்ணீர்

சென்னையிலிருந்து வடக்கே போகிறவர்களுக்குத் தமிழ்நாட்டின் கடைசி டீ ஆரம்பாக்கத்தில். அதை விட்டால் தடாவில்தான், அது ஆந்திரக் கணக்கு. ஹைதராபாத் படப்பிடிப்புக்குப் போகும் கேரவன்களும் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் இங்கே ஓரம் கட்டுவதுண்டு. அப்படி நின்ற ஒரு வண்டியின் ஓட்டுநர் கேட்ட கேள்விதான் இந்தப் பத்திக்குக் காரணம்.

"அண்ணே, கீசர் புதுசு. சுவிட்சைப் போட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல சிவப்பு லைட் அணைஞ்சிடுது. ஆனா பேசின்ல சூடு வர்றதுக்குள்ள ரெண்டு மூணு லிட்டர் வீணாப் போவுது. மேக்கப் போடுறவங்க, நடிக்கிறவங்கன்னு ஆள் மாத்தி ஆள் திறக்குறாங்க. டேங்க் மத்தியானத்துக்கே காலி. பெரிய கீசரா மாத்திடலாமா?"

மாத்தாதே தம்பி. கீசர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. மூன்று லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 3,000 வாட் கம்பிக்கு இரண்டே கால் நிமிடம் போதும். லைட் அணைந்துவிட்டது என்றால் உள்ளே தண்ணீர் சூட்டோடு காத்திருக்கிறது என்று அர்த்தம். அது உன் கைக்கு வந்து சேரும் வழியில்தான் தகராறு.

எதிரே இருக்கும் டீக்கடை பாய்லரைப் பார். திருகினால் முதல் சொட்டே சுடுகிறது. ஏனென்றால் குழாய், பாத்திரத்தின் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் வண்டியில் கீசர் ஒரு மூலை, பேசின் மறு மூலை. நடுவே ஆறு மீட்டர் பைப், தரைக்கு அடியில் வளைந்து போகிறது. கடைசியாகத் திறந்தவர் மூடிவிட்டுப் போனபின் அந்த ஆறு மீட்டரில் நின்ற வெந்நீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். அடுத்தவர் அதை முழுக்க வெளியே தள்ளினால்தான் கீசர் தண்ணீர் முகம் காட்டும்.

எவ்வளவு? முக்கால் இன்ச் பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். ஆறு மீட்டருக்கு ஒன்றரை லிட்டர். அதோடு முடியாது. முதலில் வரும் வெந்நீர் பைப்பின் சுவரைச் சூடாக்குவதிலும், முன்னால் போகும் பச்சைத் தண்ணீரோடு கலப்பதிலும் தன் சூட்டை இழக்கும். அதனால் இரண்டரை லிட்டர் போவது ஆச்சரியமே இல்லை. ஒரு நாளில் பதினைந்து முறை இடைவெளி விட்டுத் திறந்தால் முப்பத்தேழு லிட்டருக்கு மேல். இருநூறு லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஒருவருக்கும் பயன்படாமல் போகிறது. வீட்டில் அது சாக்கடையோடு போய்விடும். வண்டியில் கீழே இருக்கும் கழிவுநீர் டேங்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நல்ல தண்ணீருக்கும் அலைய வேண்டும், கழிவைக் கொட்டவும் இடம் தேட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சிக்கனம் என்று சொட்டுச் சொட்டாக விடும் குழாய் முனையை மாட்டுகிறார்கள். பைப்பில் நிற்கும் தண்ணீரின் அளவு அதனால் குறையாது, காத்திருக்கும் நேரம்தான் நீளும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் விடும் முனையில் இரண்டரை லிட்டர் வெளியேற ஒன்றே கால் நிமிடம். அதுவரை யார் பொறுப்பார்கள்? திறந்துவிட்டுப் போன் பார்க்கப் போய்விடுவார்கள்.

"அப்ப பைப்புக்குப் பஞ்சு சுத்திடலாமா அண்ணே?"

சுற்றலாம். அடுத்தடுத்துத் திறக்கிறபோது உதவும். ஆனால் காலையில் முதல் தடவைக்கு அது ஒன்றும் செய்யாது. பைப்பைச் சன்னமாக்குவதுதான் மலிவான வைத்தியம். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள பைப்பில் மீட்டருக்கு 80 மில்லிகூட நிற்காது, ஆறு மீட்டருக்கு அரை லிட்டருக்கும் கீழே. ஒரு பேசினுக்கும் ஒரு கைஷவருக்கும் அந்தச் சன்னம் தாராளம். பெரிய பைப் போட்டால் நல்ல வேலை என்று நம் பிளம்பர்களுக்கு ஒரு நம்பிக்கை. குளிர்ந்த நீர் வரிசைக்கு அது சரி, வெந்நீர் வரிசைக்கு நேர் எதிர்.

அதைவிட நல்லது, கீசரையே பேசினுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பது. அங்கே தொட்டியில்லாத ஓடும்நீர் ஹீட்டரே போதும், நம் ஊர் வெப்பம் அதற்குத் துணை. டேங்க் தண்ணீர் இங்கே 28 டிகிரி என்றால், அதை 42க்கு ஏற்றி, 3,000 வாட் ஹீட்டர் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தரும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் பத்து டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு இதே ஹீட்டர் ஒன்றரை லிட்டரைத் தாண்டாது. அதனால்தான் அங்கே வண்டிவீடுகளில் ஜெர்மனியின் ட்ரூமா போன்றவர்கள் பத்து லிட்டர் வெந்நீர்த் தொட்டியோடு கேஸ் ஹீட்டர் வைக்கிறார்கள். அவற்றின் புகை வண்டிக்கு வெளியே போகத் தனிக் குழாய் உண்டு. அதைப் பார்த்து வீட்டு கேஸ் கீசரைக் கேரவன் குளியலறையில் மாட்டிவிடாதே. மூடிய சிறு அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே இருக்காது, ஆளைக் கொன்றுவிடும். மின் ஹீட்டருக்கோ பதின்மூன்று ஆம்பியர் வேண்டும். ஏசியும் அதுவும் சேர்ந்து இழுத்தால் ஜெனரேட்டர் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பேசின் பக்கத்திலேயே வெந்நீர் வரிசையில் ஒரு டீ ஜாயின்ட், ஒரு சின்ன வால்வு, அங்கிருந்து நல்ல தண்ணீர் டேங்குக்கே திரும்பும் ஒரு சன்னமான பைப். கை கழுவும் முன் வால்வைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் டேங்குக்கே போய்விடும். பைப் சுட ஆரம்பித்ததும் மூடிவிட்டுக் குழாயைத் திறக்க வேண்டியதுதான். ஒரு சொட்டும் வீணில்லை. மாடியில் தொட்டி வைத்த வீட்டில் இது இவ்வளவு சுலபமில்லை, தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றத் தனி மோட்டார் வேண்டும். உன் வண்டியில் டேங்க் தாழ்வாக இருக்கிறது, மோட்டார் ஏற்கெனவே அழுத்தம் கொடுக்கிறது, தண்ணீர் தானே ஓடித் திரும்பும். வால்வை மூட மறந்தால் மட்டும் வெந்நீர் முழுதும் டேங்கில் கலந்துவிடும். ஆகவே கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வாக வாங்கு.

கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. அப்படிச் சுற்றுலாவுக்காக ஊர் ஊராக ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு வரமும் உண்டு. எண்பது தொண்ணூறு டிகிரியில் சுற்றும் இன்ஜின் கூலன்ட்டை ஒரு தொட்டிக்குள் சுருள் பைப்பாக விட்டால், ஓட்டும்போதே தண்ணீர் காய்ந்துவிடும். சுடவைக்கச் செலவு கிடையாது. கை வெந்துவிடாமல் இருக்கக் கலவை வால்வு மட்டும் அவசியம். உன் வண்டி நாள் முழுக்க செட்டில் நிற்பது, உனக்கு அது ஒத்துவராது.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாய்க்கடியில் பிடித்து, சூடு வரும் வரை எத்தனை பாட்டில் நிறைகிறது என்று பார். அது பைப்பின் கணக்கு. சிவப்பு லைட் அணைய முன்பைவிட நேரம் பிடிக்கிறதா என்பது தனிக் கணக்கு. பிடித்தால், வழியில் ஏற்றிய போர்த் தண்ணீரின் உப்பு கம்பியில் படிந்திருக்கலாம். அப்போதுதான் கீசரைக் கழற்ற வேண்டும்.