பூட்டிய செய்தியும் காட்டிக்கொடுக்கும்

பாண்டாக் கரடிகள் உலவும் வனமெங்கும் சிறு உணரிக் கருவிகளைப் பரப்பி வைத்து, கரடி எதன் அருகே வருகிறதோ அந்தக் கருவி அச்செய்தியை அண்டைக் கருவிக்கும், அது தன் அண்டைக்குமாகக் கம்பியில்லாமலே கைமாற்றி, வனத்தின் ஓரத்திலுள்ள தலைமை நிலையத்தில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். செய்தி முழுவதும் சங்கேதத்தில் இருக்கிறது. வேடனால் அதைப் படிக்க இயலாது. படிக்கவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. தலைமை நிலையத்தருகே திசையறியும் ஆன்டெனாவோடு அமர்ந்து, கடைசியாகப் பேசிய கருவி எதுவென்று மட்டும் கவனித்து அதனடியில் போய் நிற்கிறான். அடுத்த செய்தியில் அதற்கு முந்தின கருவி புலப்படுகிறது. இவ்விதம் பின்னோக்கியே நடந்து, கரடியைக் காக்க வைத்த கருவிகளின் துணைகொண்டே கரடியிடம் போய்ச் சேர்கிறான்.

2004-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் புனைந்த கதை இது. விஷயம் என்னவோ பழையதுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷார், ஜெர்மானியரின் சங்கேதத்தை உடைக்க முடியாதபோதும், எந்த வானொலி எதனோடு எத்தனை முறை பேசுகிறதென்பதைக் கொண்டே சேனைகளின் அமைப்பை ஊகித்தார்கள்.

ரட்கர்ஸ் ஆய்வாளர்கள் கண்ட உபாயம், செய்தியை நேரே அனுப்பாமல், முதலில் சில கருவிகள்வரை கால்போன திசையில் அலையவிட்டு, அதன்பின்னரே நிலையத்துக்குத் திருப்புவது. செய்திக்குச் செய்தி வழி மாறுவதால் வேடன் திகைத்து நிற்பான்.

தலைமை நிலையத்துக்கும் இதே அபாயம் உண்டு. எல்லாச் செய்திகளும் அங்கே குவிவதால் அதன் சுற்றுப்புறத்தில் ஒலிபரப்பு மிகுந்திருக்கும். அந்த ஆரவாரமே அதன் விலாசம். ஆகவே வேறு மூலைகளில் போலிச் செய்திகளைப் பெருக்கிப் பொய்யான சந்தையிரைச்சலை உண்டாக்கலாமென்று கொலராடோ பல்கலைக்கழகத்தார் யோசனை கூறினர்.

ஆனால் பொய் சொல்லவும் மின்சாரம் வேண்டும். 2002-இல் மெயின் மாகாணத்தின் கிரேட் டக் தீவில் கடற்பறவைகளைக் கவனிக்க வைத்த 32 கருவிகளும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதுபோன்ற இரண்டு பாட்டரிகளைக்கொண்டே மாதக்கணக்கில் உயிர்வாழ வேண்டியிருந்தது. அவற்றின் சக்தியை அதிகம் விழுங்குவதோ வானொலிப் பேச்சுதான். எல்லாக் கருவிகளும் இடைவிடாது பொய்யும் மெய்யும் கலந்து பேசினால் ரகசியம் நிலைக்கும், கருவிகள் நிலைக்கமாட்டா. ஆதலால் கரடிக்குக் காவலாக, சற்றே சுற்றிப் போகும் செய்தியையே நான் தேர்ந்தெடுப்பேன்.