உங்களுக்குத் தெரியுமா? ஒன்று விட்டு ஒன்றாக எரியும் ஒன்பது சிலிண்டர்

சீனக்குடாவில் இலங்கை விமானப்படையின் பயிற்சி விமானிகள் பறக்கப் பழகிய பி.டி.-6 விமானத்தின் மூக்கில் இருப்பது 285 குதிரைவலு கொண்ட ரேடியல் இயந்திரம். ஒன்பது சிலிண்டர்களும் சுழல்தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும். அவை வரிசையாக எரிவதில்லை; 1-3-5-7-9-2-4-6-8 என ஒன்று விட்டு ஒன்றாக எரியும். தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒன்பதும் ஒருமுறை எரிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி பிசகாமல் இருக்கத்தான் சிலிண்டர்களை ஒற்றைப்படையில் வைக்கிறார்கள்.

மாதிரி விமானங்களுக்கும் குட்டி ரேடியல்கள் உண்டு. ஜப்பானின் சைட்டோ நிறுவனம் மூன்று சிலிண்டரில் செய்கிறது. பால்சா மரக் கிட்டை வாரக்கணக்கில் ஒட்டிக் கட்டியவருக்கு அது முதல் பறப்பிலேயே நொறுங்குவது பெரிய இழப்பு. அதைத் தவிர்க்கத்தான் பறப்புச் சிமுலேட்டர். ரிமோட்டைக் கணினியில் இணைத்து, த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளிப் பாருங்கள்: விமானம் ஓடுபாதையில் ஒரு பக்கம் இழுக்கும். ரடரை மெல்ல எதிர்ப்பக்கம் கொடுத்தால் நேராகும்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில், சரிவெல்லாம் தேயிலையும் இறப்பருமான தோட்டங்களில், மாதிரி விமானம் ஓடச் சமதரை கிடைப்பது அரிது. கணினி அறை உள்ள தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, மழை நாளொன்றில் இந்தச் சிமுலேட்டரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.